டிவிஎஸ் தேடிப்போய் வாங்கும் அளவுக்கு, நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் பைக் கம்பெனியில் அப்படி என்ன இருக்கிறது?

வாங்கியபோது பெரிதாக ஒன்றும் இல்லை. 2020 ஜனவரியில் கடனில் மூழ்கி, திவால் நிர்வாகிகள் கைக்குப் போன கம்பெனி அது. ஏப்ரலில் டிவிஎஸ் 1.6 கோடி பவுண்டுக்கு எடுத்தது, நம் கணக்கில் 150 கோடி ரூபாய்ச் சொச்சம். அதில் பெரும்பகுதி பெயருக்குக் கொடுத்த விலை என்றுதான் நினைக்கிறேன்.

ஜேம்ஸ் லான்ஸ்டவுன் நார்ட்டன் 1898இல் பர்மிங்காமில் தொடங்கியது. 1907இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டிடி (டூரிஸ்ட் டிராபி) பைக் பந்தயத்திலேயே, இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபௌலர் நார்ட்டனில் ஜெயித்தார். (எஞ்சின் மட்டும் பிரான்ஸின் பெஜோ!) அப்புறம் 1931 முதல் 1938 வரை நடந்த எட்டு சீனியர் டிடியில் (500 சிசி பிரிவு) ஏழு நார்ட்டனுக்கு. தவறிய 1935இலும் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி பைக்கில் வந்து ஜெயித்தவர் ஸ்டான்லி வுட்ஸ். முன்பு நார்ட்டனுக்கு ஓட்டியவர்தான்.

போருக்குப் பிறகுதான் சிக்கல். இத்தாலியின் ஜிலேரா நாலு சிலிண்டரோடு வந்துவிட்டது. நார்ட்டனிடம் இருந்தது நம்ம புல்லட் மாதிரி ஒற்றை சிலிண்டர். மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் வைத்து எவ்வளவு முறுக்கினாலும், நேர்ச்சாலையில் நாலு சிலிண்டரைப் பிடிக்க முடியாது. வளைவில்தான் பிடிக்க வேண்டும். அதற்கு வழி சொன்னவர் பெல்ஃபாஸ்ட்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ். இரும்புக் குழாய்களை இரட்டை வளையமாக வளைத்து, பின்சக்கரம் மேலும் கீழும் அசைய ஸ்விங் ஆர்ம் கொடுத்து ஒரு ஃபிரேம் செய்தார். அதை ஓட்டிப் பார்த்த நார்ட்டன் பந்தய வீரர் ஹெரால்ட் டேனியல், இறகு மெத்தையில் போவது போல இருக்கிறது என்றாராம். ‘ஃபெதர்பெட்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

1950 டிடியில் சீனியர், ஜூனியர் (350 சிசி) இரண்டிலும் முதல் மூன்று இடமும் நார்ட்டனுக்கே. அந்த வருடம் நார்ட்டன் வீரர் ஜெஃப் டியூக் 500 சிசி உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் ஜிலேராவிடம் விட்டார். அடுத்த வருடம் 350, 500 இரண்டு பட்டமும் அவருக்குத்தான். சரி, அதற்குப் பிறகாவது நார்ட்டன் நாலு சிலிண்டர் எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டாமா? வரவில்லை. 1953இல் டியூக்கே ஜிலேராவுக்குப் போய், தொடர்ந்து மூன்று வருடம் 500 சிசி பட்டத்தைத் தூக்கினார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

ஆனாலும் நார்ட்டனின் ஒற்றை சிலிண்டர் பந்தய பைக்கான ‘மேங்ஸ் நார்ட்டன்’ லேசில் விடவில்லை. 1961 சீனியர் டிடியில் மைக் ஹெயில்வுட் அதே ஒற்றை சிலிண்டரில், மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வைத்து ஜெயித்தார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் 500 சிசி பந்தயக் கார் ஓட்டியவர்களுக்கு மேங்ஸ் எஞ்சின் தேவைப்பட்டது. எஞ்சினைத் தனியாக வாங்க முடியாததால் முழு பைக்கையே வாங்கி, எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டார்கள். மிச்சம் கிடந்த ஃபிரேமை பைக் பிரியர்கள் வாங்கி ட்ரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதுதான் ‘ட்ரைட்டன்’.