பிஎச்டி சேர்க்கையில் விண்ணப்பதாரரை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

பிஎச்டி சேர்க்கை என்பது, ஒருவரால் சில ஆண்டுகள் சொந்தமாக ஆய்வு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கணிப்பது. இந்தியாவில் இதற்கு அடிப்படை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகள். பொதுவாக முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு அல்லது பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லாமல் நெட் வழியாக வருபவர்களுக்கு, 2024 முதல், நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீத எடை.

நேர்காணல் எதற்கு? தேர்வில் கேட்பது விடை தெரிந்த கேள்வி. ஆய்வில் விடை இன்னும் யாருக்கும் தெரியாது. சமையல் குறிப்பை வரி பிசகாமல் ஒப்பிப்பது வேறு, வீட்டில் இருப்பதை வைத்துப் பத்துப் பேருக்குச் சமைப்பது வேறு. அதனால்தான் ஏன் இந்தக் கேள்வி, இதில் மற்றவர்கள் எதுவரை வந்திருக்கிறார்கள், இருக்கும் காலத்திலும் வசதியிலும் இதைச் செய்து முடிக்க முடியுமா என்றெல்லாம் துருவுவார்கள்.

பலர் கவனிக்காதது நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர் விஷயம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். உங்கள் தலைப்புக்கு ஏற்றவரிடம் இடம் காலியில்லை என்றால் நல்ல விண்ணப்பமும் நின்றுவிடும். எனவே துறையினரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆய்வுத் திட்டம் எழுதுங்கள். இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

நெட் தேறினாலே பிஎச்டி இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது தகுதி மட்டும்தான், சேர்க்கையைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்கிறது.