ராத்திரி மெசேஜும் டியூட்டர் மேமும்

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். டியூட்டராக (வழிகாட்டும் ஆசிரியராக) எனக்கு ஒதுக்கப்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு ஏழு அரியர். விடுதியில் இருக்கிறான். "எதுக்கு மேம் இருக்கணும்னு தோணுது. வீட்ல சொல்லிடாதீங்க" என்று நேற்று இரவு மெசேஜ் அனுப்பினான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. இத்தனை புது மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்ற அட்மிஷன் டார்கெட், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல் வேலை வேறு. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: இதைப் படித்த கையோடு அவனை நேரில் பாருங்கள். சுற்றி வளைக்காமல், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வார்டனுக்குச் சொல்லுங்கள், அறைத்தோழன் கூட இருக்கட்டும், அன்றே மனநல மருத்துவரிடம் நீங்களோ வார்டனோ கூடப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வீட்டுக்குச் சொல்வதில்லை என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நேர்மை. அப்பாவை வரவழைத்து எச்ஓடி (துறைத்தலைவர்) அறையில் அரியர் கணக்கை வாசிக்கும் நம் ஊர் வழக்கம் இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம். கொஞ்சம் தேறியபின், இந்த செமஸ்டரில் எந்த இரண்டு பேப்பரை முடிக்கலாம் என்று அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.

சரி, கல்லூரி என்ன செய்கிறது? நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள கவுன்சிலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது வேண்டும், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மனநலப் பயிற்சி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. பல இடங்களில் 'கவுன்சிலிங் செல்' போர்டு தொங்கும், உள்ளே விடைத்தாள் கட்டு இருக்கும். உங்கள் கல்லூரி எப்படியோ, முதல்வரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் மட்டுமல்ல, நான்கைந்து டியூட்டர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. அதிலேயே அட்மிஷன் டார்கெட்டையும் எழுதுங்கள். அதுவும் உங்கள் மனநலப் பிரச்சினைதான்.

அவன் பத்திரமான கைகளில் சேர்ந்தபின், இரவுப் போனை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். பத்து மணிக்கு மேல் வார்டனுக்கோ 14416-க்கோ அழைக்கவேண்டும் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறமும் இரண்டு வாரம் தூக்கம் வராவிட்டால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் உங்கள் பேருக்கும் ஒரு ஓபி சீட்டு போடுங்கள்.