உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை நிறுவினேன், உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல் என்ன?

கடவுச்சொல்லே இன்னும் இல்லை. நிறுவும்போது ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற பெயரில் லினக்ஸில் ஒரு பயனரும் தரவுத்தளத்தில் ஒரு பயனரும் உருவாகியிருப்பார்கள். அதே கணினியிலிருந்து நேராக நுழைந்தால் சர்வர் இரண்டு பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியைக் குறிக்கும் பிணையப் பெயர்) என்று முகவரி கொடுத்தால்தான் கடவுச்சொல் கேட்கும். அதனால் முதல்முறை சூடோ (நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை) போட்டு அந்த ‘போஸ்ட்கிரெஸ்’ பயனராக மாறி, தரவுத்தளத்துக்குக் கட்டளை தரும் நிரலான பிஎஸ்கியூஎல்லைத் திறங்கள். உங்கள் லினக்ஸ் பெயரிலேயே ஒரு பயனரையும் ஒரு தரவுத்தளத்தையும் உருவாக்குங்கள். அப்புறம் பிஎஸ்கியூஎல் என்று தட்டினாலே போதும்.

பிஎஸ்கியூஎல்லுக்குள் தட்டும் எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) கட்டளை முடிவில் அரைப்புள்ளி கட்டாயம். விட்டுவிட்டால் பிழை காட்டாது, பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். முதல் நாள் நான் அரைமணி நேரம் முழித்தது இதில்தான்.

சரி, ரவுட்டரில் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் 5432 போர்ட்டை மட்டும் வெளியே திறந்துவிடாதீர்கள்.