வலைப்பூவுக்கு வாசகர்களைச் சேர்த்தல்: நெல்லைப் பகுதிக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): அண்ணாச்சி, தாமிரபரணிக் கரைக் கோயில்களைப் பற்றி வலைப்பூவில் எழுதுகிறேன். முகநூல், இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப் என நான்கிலும் சுட்டியைப் பகிர்ந்தும் வாசகர்கள் வரவில்லையே, ஏன்?

பதில்: நான்கையும் ஒருவரே கவனிக்க முயல்வதுதான் முதற் காரணம். உங்கள் எழுத்தைத் தேடக்கூடியவர் யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்ந்துகொண்டு, கோயில் கொடைக்கும் தேரோட்டத்துக்கும் மட்டும் ஊர் வந்துபோகிற நம் மக்களே அவர்கள் என்று கருதுகிறேன். அவர்கள் கூடுமிடம் முகநூலின் ஊர்க் குழுக்கள். ஆகவே ஓராண்டுக்கு அங்கே மட்டும் உழையுங்கள். சுட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. ஒருவர் சிற்பத்தின் படத்தைப் போட்டு இது எந்தக் கோயில் என்று கேட்டால், அங்கேயே முழுமையாகப் பதில் சொல்லுங்கள். அதற்கு மேலும் படிக்க வேண்டியது உங்கள் பதிவில் இருந்தால் மட்டும் இறுதியில் சுட்டியைக் கொடுங்கள்.

காலமும் முக்கியம். பாபநாசத்துச் சித்திரை விசு, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசை ஆகியவற்றைப் பற்றிய பதிவுகள் விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வெளிவந்துவிட வேண்டும். பயணத்தைத் திட்டமிடும்போதுதான் மக்கள் வழியையும் தங்குமிடத்தையும் வழிபாட்டு முறையையும் விசாரிக்கிறார்கள். வலைப்பூவுக்கு வருகிறவர்களிடம் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆர்குட், கூகுள் பிளஸ் ஆகிய சமூக வலைத்தளங்கள் முறையே 2014இலும் 2019இலும் மூடப்பட்டன; டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அங்கே மட்டும் வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்களை மறுபடி கண்டுபிடிக்க வழியில்லாமல் நின்றார்கள்.

கேள்வி (பத்தமடை): என் பதிவின் சுட்டியை வாட்ஸப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாகப் பத்து வரிக்கு நீள்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: மிக நல்ல கேள்வி, தமிழில் எழுதுபவர்கள் இதனால் இழக்கும் வாசகர்கள் பலர். ஒருங்குறி என்ற கணினி எழுத்துமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று சேமிப்பு அலகுகளாகச் சேமிக்கப்படுகிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரிகிறது. ‘நெல்லை’ என்பதில் துணைக்குறிகளும் புள்ளியும் சேர்ந்து ஆறு குறிகள் உள்ளதால், அந்த ஒரு சொல்லே 54 எழுத்துகளாகிவிடும். வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூத் தளத்தில் தமிழ்த் தலைப்பு வைத்தால் இதுதான் நேரும். பிளாகர் தளத்திலோ தமிழ் எழுத்துகள் நீக்கப்பட்டு, எல்லாப் பதிவுகளுக்கும் ‘பிளாக் போஸ்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணுமே முகவரியாக அமையும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: வெளியிடுவதற்கு முன், பெர்மாலிங்க் எனப்படும் பதிவு முகவரிப் பகுதியில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிளாகரில் ஏற்கெனவே வெளியான பதிவின் முகவரியை மாற்றாதீர்கள். முன்பு பகிரப்பட்ட சுட்டிகள் திறக்காமல் போகும். கூடவே 1200க்கு 630 பிக்சல் அளவில் ஒரு படத்தையும் பதிவில் சேர்த்தால், முகநூலில் சுட்டியின் முன்னோட்டம் வெட்டுப்படாமல் தெரியும்.

கேள்வி (வள்ளியூர்): எந்த நேரத்தில் பகிர வேண்டும்?

பதில்: உங்கள் வாசகர் ஓய்வாக இருக்கும் நேரத்தில். உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரமே அதைக் காட்டும்.

கேள்வி (நாங்குநேரி): காசு கொடுத்துப் பின்தொடர்பவர்களை வாங்கலாமா?

பதில்: கூடாது. அவர்கள் படிக்க மாட்டார்கள்.

கேள்வி (சேரன்மகாதேவி): காலையா மாலையா, எந்த நேரம் சிறந்தது?

பதில்: வள்ளியூர் நண்பருக்குச் சொன்னதே பதில். நேரத்தைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம். எழுத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): முழுக் கட்டுரையையும் முகநூலிலேயே போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். இரண்டு மாதம் கழித்து அதைத் தேடி எடுப்பது உங்களுக்கே கடினம். கட்டுரையில் தனியே நின்று பொருள் தரும் ஒரு பகுதியை மட்டும் அங்கே கொடுத்து, எஞ்சியதற்கு வலைப்பூவுக்கு அழையுங்கள்.

கேள்வி (முக்கூடல்): அண்ணாச்சி சொல்வதை நான் ஏற்கவில்லை. பீடி சுற்றும் பெண்களுக்காக நலவாரியம், வருங்கால வைப்பு நிதி பற்றி எழுதுகிறேன். முன்பின் தெரியாத சுட்டியைத் தொட்டால் வங்கிப் பணம் போய்விடும் என்று அவர்களை எச்சரித்திருக்கிறோம். பாதியை மட்டும் கொடுத்து இங்கே வாருங்கள் என்று அவர்களை அழைப்பது நியாயமா?

பதில்: நியாயமில்லை, அம்மா; உங்கள் வாசகர்களுக்கு முழுச் செய்தியும் வாட்ஸப்பிலேயே போய்ச் சேர வேண்டும். ஆனால் அடியில் எழுதியவர் பெயர், தேதி, வலைப்பூவின் முகவரி ஆகிய மூன்றும் இருக்கட்டும். விதி மாறிய பின்னும் பழைய செய்தி ஊரைச் சுற்றிவந்து ஏழைகளை அலையவிடும் என்பதால் தேதி மிக அவசியம். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2018இல் இந்தியாவில் வாட்ஸப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்கே அனுப்ப முடியும் என்பது 2020 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆகவே ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வாட்ஸப்பின் ஒலிபரப்புப் பட்டியலை (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வையுங்கள். அதில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். கூட்டங்களில் அவர்களைப் பார்க்கும்போதே எண்ணைப் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி (தென்காசி): முக்கூடல் அக்கா சொல்வது போல முழுதும் கொடுத்தால், பெயரை வெட்டிவிட்டுப் பிறர் தமதென்று போடுகிறார்களே?

பதில்: போடத்தான் செய்வார்கள். அதனால்தான் முதலில் வலைப்பூவில் வெளியிட்டு, பிறகே வேறிடத்தில் பகிர வேண்டும். வலைப்பூவில் உள்ள தேதியே உங்கள் சான்று. உதவித்தொகை விதி பலர் கைக்குப் போவது நல்லது, அதற்காக வருந்தாதீர்கள். சொந்த ஆய்வு திருடப்பட்டால் மட்டும் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் கொடுங்கள்.

கேள்வி (களக்காடு): யூடியூப் வருமானத்துக்கு வரி உண்டா?

பதில்: கணக்காய்வாளரைக் கேளுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): மின்னஞ்சலை இன்றைக்கு யார் படிக்கிறார்கள்? அது உண்மையிலேயே வேண்டுமா?

பதில்: வேண்டும். புதிய பதிவுகளை வாசகர்களுக்கு அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் சேவை வழியே மின்னஞ்சல் அனுப்பும் வசதியே 2021 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் முகவரிப் பட்டியலைத் தரவிறக்கி வைத்திருந்தவர்கள் வேறொரு சேவைக்கு மாறி, அதே வாசகர்களுக்குத் தொடர்ந்து எழுதினார்கள். முகநூல் நண்பர்களை அப்படி எடுத்துச் செல்ல முடியாது. மாதம் ஒருமுறை பட்டியலைத் தரவிறக்குங்கள்.

கேள்வி (திசையன்விளை): எங்கிருந்து வாசகர் வருகிறார் என்று எப்படி அறிவது?

பதில்: வாட்ஸப்பிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் நேரடி வருகை என்றே கணக்கில் காட்டப்படுவார்கள். ஒவ்வோரிடத்திலும் பகிரும் சுட்டியின் கடைசியில் யூடிஎம் குறிப்பை, அதாவது எங்கே பகிரப்பட்டது என்று சொல்லும் சிறு சொற்களைத் தனித்தனியாகச் சேர்த்தால், வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் சேவை அவற்றைப் பிரித்துக் காட்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, யாரும் வராத இடத்தில் பகிர்வதை நிறுத்திவிடுங்கள்.