தேறாதவர்களா அவர்கள்?

வணக்கம் ஐயா,

இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டே பெற்றோரின் நாட்டுக்காகவும் ஆடுகிற உதைபந்தாட்டக்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், லண்டனில் இருக்கிறேன். மனைவி ஆங்கிலேயப் பெண். மகனுக்குப் பதினாறு வயது, ஒரு கிளப்பின் அகாடமியில் இருக்கிறான். வெளிப்படையாகவே கேட்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்து, இங்கிலாந்து அணிக்குத் தேறாமல் போன பிறகு அப்பா நாட்டு ஜெர்சியைப் போட்டுக்கொள்வதில் என்ன பெருமை? நாலாம் டிவிஷனில் காலம் தள்ளுகிறவர்களை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா? என் மகனும் அப்படித்தான் ஆகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகர், லண்டன்

அன்புள்ள நண்பருக்கு,

நாலாம் டிவிஷன் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் முதல் நான்கு டிவிஷன்களில் (பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற வரிசையில்) இருப்பவை மொத்தம் 92 கிளப்புகள். ஒரு கிளப்புக்கு இருபத்தைந்து முப்பது பேர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குத்தான் இடம். அந்த இடத்துக்குத் தெருவிலும் பள்ளியிலும் அகாடமியிலும் பந்து உதைக்கிற எத்தனை ஆயிரம் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், வார இறுதிகளில் மைதான ஓரத்தில் நிற்கிற அப்பா நீங்கள். பதினாறு வயதில் ஸ்காலர்ஷிப் (அகாடமியில் முழுநேரப் பயிற்சி இடம்) கிடைக்குமா என்று ஒரு வடிகட்டல், பதினெட்டில் கான்ட்ராக்ட் கிடைக்குமா என்று இன்னொன்று. அதையும் தாண்டி லீக் டூவில் ஒருவன் பத்து வருடம் நின்றுவிட்டான் என்றால், அவன் தேறாதவன் இல்லை. அவன் தேறியவன். நாம் தொலைக்காட்சியில் பார்க்காத இடத்தில் தேறியிருக்கிறான், அவ்வளவுதான்.

அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். லீக் டூவில் ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள். சனிக்கிழமை ஆட்டம், பல வாரங்களில் செவ்வாய் இரவும் ஆட்டம். கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மே மாதம் சீசன் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மேனேஜரின் அறைக்குள் போய் வருவார்கள். யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்ற பட்டியலை அப்புறம் கிளப் வெளியிடும். வைத்துக்கொள்கிறவர்களில் பெயர் இல்லாவிட்டால் ஜூன் 30-ஓடு கான்ட்ராக்ட் முடிந்துவிடும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டிஸ் கானை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் பக்கம் பிறந்தவர், குடும்பத்தின் வேர் பாகிஸ்தானில். யோவில், மான்ஸ்ஃபீல்ட், வால்சால், ட்ரான்மியர், லேட்டன் ஓரியன்ட், கிரிம்ஸ்பி என்று கிளப் கிளப்பாக மாறி ஆடியவர். இந்த ஊர்ப் பெயர்களைத் தேசப்படத்தில் தொட்டுப் பார்த்தால் தெரியும், தென்மேற்கு மூலையில் ஒன்று, வடகிழக்குக் கடற்கரையில் ஒன்று. ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டி, புது மேனேஜரிடம் முதலிலிருந்து நிரூபித்துக் காட்ட வேண்டும்.

இந்தக் கான், 2023 அக்டோபரில் பாகிஸ்தான் அணியில் இருந்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பாகிஸ்தான் அதுவரை ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. கம்போடியாவோடு முதல் ஆட்டம் அங்கே 0-0. இரண்டாவது இஸ்லாமாபாத்தில், அக்டோபர் 17. ஹாருன் ஹமீத் ஒரு கோல் அடித்தார், 1-0. ஹமீதும் லண்டனில் க்யூ.பி.ஆர். (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) கிளப்பின் அகாடமியில் வளர்ந்த பையன்தான். பல வருடங்களாக அந்த நாடு காத்திருந்த ஒரு வெற்றி, இங்கிலாந்தில் யாரும் அதிகம் கவனிக்காத இவர்களைப் போன்ற ஆட்டக்காரர்கள் கைகொடுத்ததால் வந்தது. இதை, முதல் கதவு திறக்காதவன் தேடிப் போகிற இரண்டாம் கதவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெற்றோரின் நாட்டுக்கு ஆடுவதில் ஆட்டக்காரனுக்கு லாபம் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கீழ் டிவிஷன் ஆட்டக்காரனுக்கு அது பெரிய ஆபத்து. சர்வதேச ஆட்டங்களுக்கான நாட்களில் பிரீமியர் லீக்கும் சாம்பியன்ஷிப்பும் நின்றுவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. லீக் ஒன்னும் லீக் டூவும் தானாக நிற்காது. ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேராவது தங்கள் நாட்டு அணிகளுக்கு அழைக்கப்பட்டால்தான் அந்தக் கிளப் ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்க முடியும். இவன் ஒருவன் மட்டும் போனால் கிளப் அவன் இல்லாமல் ஆடும். அவன் இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இறங்குவான், நன்றாக ஆடிவிடுவான், அணியும் ஜெயித்துவிடும். இவன் பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து, வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடி, தொடைத் தசை இறுகிப்போய்த் திரும்பி வந்தால் அடுத்த சனிக்கிழமை அவனுக்கு பெஞ்ச்தான். ஜெயித்த அணியை மேனேஜர் ஏன் மாற்றப் போகிறார்? அந்த வருடம் கான்ட்ராக்ட் முடிகிற வருடமாகவும் இருந்துவிட்டால் யோசித்துப் பாருங்கள். கிளப் அவனை அனுப்பியே ஆக வேண்டும், அது ஃபிஃபா விதி. ஆனால் திரும்பி வரும்போது இடம் காலியாக இருக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்துதான் அவர்கள் போகிறார்கள்.

இன்னொன்று. தேறாமல் போன பிறகுதான் போகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. ஜெஷ் ரஹ்மான் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 2005-இல் பாகிஸ்தானுக்கு ஆடப் போனபோது அவர் பிரீமியர் லீக் கிளப்பான ஃபுல்ஹாமில் இருந்தார், வயது 22. வாழ்க்கை முடிந்து ஒதுங்கப் போன வயதில்லை. அதற்குப் பிறகுதான் அவர் க்யூ.பி.ஆர்., பிராட்ஃபோர்ட் என்று கீழே இறங்கினார், அங்கிருந்து தாய்லாந்து, ஹாங்காங், மலேசியா என்று ஆசியா முழுக்க ஆடினார், முப்பது தாண்டி மறுபடி இங்கிலாந்தில் ஜில்லிங்ஹாமுக்கு வந்தார். நான்கு டிவிஷன்களிலும் ஆடியவர். நடுவில் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி ஆசியப் பிள்ளைகளைக் கால்பந்துக்குக் கூட்டிவரும் வேலையையும் செய்தார். இப்படி ஒரு வாழ்க்கையை ஏற்றம், இறக்கம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் கண்ணில் படும்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். நீல் டெய்லரின் அம்மா வங்காளி. மான்செஸ்டர் சிட்டி அவரைச் சின்ன வயதிலேயே விடுவித்தது, ஐந்தாம் டிவிஷனில் ரெக்ஸமுக்கு ஆடினார், 2010-இல் ஸ்வான்ஸி கூப்பிட்டது. 2016 ஐரோப்பியக் கோப்பையில் (யூரோ) ரஷ்யாவுக்கு எதிராக வேல்ஸுக்காக ஒரு கோல் அடித்தார், வேல்ஸ் அரையிறுதிவரை போனது. ரெக்ஸமில் இருந்தபோது அவரையும் யாராவது தேறாதவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்தியாவுக்கு ஆட நினைத்தவர்களுக்கு இந்தக் கதவுகூட இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டையை வைத்துக்கொண்டு நாட்டுக்கு ஆடவும் முடியாது. நியூகாசிலில் பிறந்த மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டார், பாஸ்போர்ட் விஷயத்தில் நின்றுபோனது. போர்ட்ஸ்மத்துக்கு லீக் ஒன்னில் ஆடிய ரயன் வில்லியம்ஸ், மும்பையில் பிறந்த அம்மாவின் மகன், 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையையே விட்டுக்கொடுத்து இந்தியரானார். தேறாதவன் ஒதுங்குகிற இடம் என்று சொல்கிறோமே, ஒதுங்க வருகிறவன் இவ்வளவு கொடுப்பானா?

இலங்கை இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதனால்தான் ஜெர்மனியின் மூன்றாம் டிவிஷனில் டைனமோ ட்ரெஸ்டனுக்கு ஆடிய கிளாடியோ காமர்க்நெக்ட் போன்றவர்கள் இலங்கை அணிக்கு வந்தார்கள். 2024 செப்டம்பரில் இலங்கையும் கம்போடியாவைத்தான் எதிர்கொண்டது, கொழும்பில் 0-0, அங்கே 2-2, பெனால்டியில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனது. அதற்கு முந்தைய வருடம்தான் ஃபிஃபா தடையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த அணி அது. ஈழத் தமிழருக்கு அந்த ஜெர்சியைப் போடுவது லேசான முடிவு இல்லை என்பது எனக்குப் புரிகிறது, அதைப் பற்றி வெளியிலிருந்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த முடிவு உங்கள் மகனுடையது, அவன் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அதில் கேவலம் எதுவும் இல்லை.

அவனைப் பற்றி நடைமுறையாகச் சில வார்த்தைகள். வடக்கு வேல்ஸில் ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2024-இல் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்கு ஆடினார், அப்போது அது லீக் ஒன் கிளப். அந்த ஆட்டங்களை மகனோடு சேர்ந்து பாருங்கள், மூன்றாம் டிவிஷனின் வேகம் என்ன என்று தெரியும். இளையோர் அணியில் இங்கிலாந்துக்கு ஆடினால் வேறு நாட்டுக்கு ஆட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2020-இல் ஃபிஃபா விதியை இன்னும் தளர்த்தியது. 21 வயதுக்குள் மூத்தோர் அணிக்கு, அதாவது நாட்டின் முதன்மை அணிக்கு, மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், அவற்றில் உலகக் கோப்பையின், கண்டக் கோப்பையின் இறுதிக் கட்ட ஆட்டம் எதுவும் இல்லாமல், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அந்த அணிக்கு ஆடியவர்களும்கூட மாறிக்கொள்ளலாம். ஆகவே பதினாறு வயதில் அவன் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்யக்கூடியது, உங்கள் பிறப்புச் சான்றிதழையும், கிடைத்தால் உங்கள் அப்பா அம்மாவுடையதையும் தேடி எடுத்து வைப்பது. யாழ்ப்பாணத்துப் பத்திரங்கள் பலருக்குப் போரில் தொலைந்துவிட்டன, பிரதி எடுக்க நாளாகும்.

ஸ்காலர்ஷிப் முடிவு எப்போது வரும்? வந்ததும் எழுதுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

அன்புடன்.