சீருடை தரும் நம்பிக்கையும் தராத நெருக்கமும்

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சீருடையில் இருக்கும்போது நோயாளிகள் நான் சொல்வதை மறுபேச்சின்றிக் கேட்கிறார்கள். பணி முடிந்து சாதாரண உடையில் கிளம்பும்போதுதான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். சீருடை நம்பிக்கையை வளர்க்கிறதா, என்னைத் தள்ளி நிறுத்துகிறதா? (வாசகி ஒருவர்)

பதில்: புதியவர் ஒருவரைக் கண்டதும், இவர் நமக்கு நல்லது நினைப்பவரா, நினைத்ததைச் செய்யும் திறமை உள்ளவரா என்ற இரண்டையும் மனம் எடை போடுகிறது என்று உளவியலாளர் சூசன் ஃபிஸ்க்கும் அவருடைய சகாக்களும் 2002இல் விளக்கினார்கள். உங்கள் சீருடை, நீங்கள் பேசத் தொடங்கும் முன்பே, திறமைக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. அன்புக்கு அப்படி உறுதியாகச் சாட்சி சொல்ல அதனால் முடிவதில்லை.

சொன்னதைக் கேட்பதும் நம்புவதும் ஒன்றல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் லியனார்ட் பிக்மேன் நடத்தி 1974இல் வெளியிட்ட ஆய்வில், கீழே கிடந்த பையை எடுக்கும்படியும், முன்பின் தெரியாதவருக்குப் பார்க்கிங் மீட்டருக்கான சில்லறையைக் கொடுக்கும்படியும் வழிப்போக்கர்களிடம் சொல்லப்பட்டது. காவலாளி உடையில் இருந்தவர் சொன்னபோதே அதிகம் பேர் செய்தார்கள். பால்காரரின் சீருடைக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை. அங்கே வேலை செய்தது அதிகாரம்தான். அந்தக் காவலாளிமீது யாரும் அன்பு கொண்டுவிடவில்லை.

அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், முறையான உடைக்கு மேல் வெள்ளைக் கோட்டு அணிந்த மருத்துவருக்கே அக்கறை உள்ளிட்ட குணங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அதிக மதிப்பெண் கிடைத்தது. ஆகவே சீருடையே பகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது புகைப்படத்தைப் பார்த்துச் சொன்ன கருத்து. படுக்கையில் கிடப்பவர், நின்றபடியே ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு தன் முகத்தைப் பாராமல் "கையை நீட்டுங்கள்" என்று சொல்பவரிடம் தன் பயத்தை எப்படிச் சொல்வார்?

பிரிட்டிஷ் மருத்துவர் கேட் கிரேஞ்சர், புற்றுநோயாளியாகச் சிகிச்சை பெற்றபோது, ஊழியர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி, பெயரைச் சொல்லி அறிமுகமாகும் இயக்கத்தை 2013இல் தொடங்கினார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்: பெயரைச் சொல்லுங்கள், செய்யப்போவதை விளக்கிச் சம்மதம் கேளுங்கள், முடிந்தால் அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். இதற்குச் சீருடையைக் கழற்ற வேண்டியதில்லை.