மின் தொழிலாளர் சங்கத் தலைவராக வர முதலில் என்ன வேண்டும்?

மின் நிலையம், மின் விநியோகம் மாதிரித் துறைகளில் தொழிற்சங்கத் தலைவராக வர என்ன தகுதி வேண்டும், அந்தப் பாதை கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்கள் கேள்வி. மேடையில் நன்றாகப் பேச வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நான் மின்துறைச் சங்கம் ஒன்றில் கிளைச் செயலாளராக இருந்தவன். என்னைக் கேட்டால் முதலில் மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் பேசி முடிவானதைப் பதியும் குறிப்பு, எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி "அப்படி நாங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லையே" என்னும்போது, போன கூட்டத்தின் பக்கத்தைத் திருப்பி, தேதியையும் அவரே போட்ட கையெழுத்தையும் காட்ட முடிந்தால் அதற்கப்புறம் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது. காட்ட முடியாவிட்டால் எவ்வளவு கத்தினாலும் வீண்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரிட்டனின் வால்ட்டர் சிட்ரின். 1887-ல் லிவர்பூலில் பிறந்தவர், 12 வயதில் பள்ளியை விட்டு மாவு மில் வேலைக்குப் போனார், பிறகு எலெக்ட்ரீஷியன் ஆனார். 1911-ல் மின் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர் மூன்றே வருடத்தில் அதன் முழுநேர மாவட்டச் செயலாளர். சுருக்கெழுத்தைத் தானாகவே படித்து, கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று விடாமல் குறித்து வைப்பது அவர் பழக்கம். 1920-ல் தலைமை அலுவலகத்துக்கு உதவிப் பொதுச் செயலாளராகப் போனதும் சங்கத்தின் கணக்கு வழக்குகளைத்தான் முதலில் சீர்படுத்தினார். 1939-ல் அவர் எழுதிய கூட்டம் நடத்தும் கையேட்டை அங்கே தலைமுறை தலைமுறையாகக் கிளைப் பொறுப்பாளர்கள் பயன்படுத்தினார்கள்.

1926 மே மாதப் பொது வேலைநிறுத்தத்தின்போது அவர் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்க காங்கிரஸின் தற்காலிகப் பொதுச் செயலாளர். மின்துறைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டிய கட்டம் இது. தொழிற்சாலைகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள், ஆனால் வீட்டு விளக்கும் ஆஸ்பத்திரியும் பாதிக்கக் கூடாது என்பதுதான் கூட்டமைப்பின் நோக்கம். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் ஒரே மின் நிலையத்திலிருந்துதானே போகிறது, எந்த சுவிட்சை அணைப்பது? ஊருக்கு ஊர் ஒரு மாதிரி நடந்தது, லண்டனில் கடற்படை ஆட்களையும் தன்னார்வலர்களையும் வைத்து அரசாங்கம் நிலையங்களை ஓட்டியது, ஒன்பதே நாளில் வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. நம் கையில் இருக்கும் பலம் பெரியது, ஆனால் அதைப் பயன்படுத்தினால் முதலில் அடிபடுவது பொதுமக்கள். மின்துறைத் தலைவர் ஒவ்வொருவரும் அன்றாடம் சுமக்கும் பாரம் இதுதான்.

புத்தகம் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சிட்ரின் வளர்ந்த அதே மின் தொழிலாளர் சங்கமே சாட்சி. அவர் விட்டுப்போய்ப் பல வருடம் கழித்து, பொதுச் செயலாளர் தேர்தலில் வாக்கு மோசடி நடந்தது என்று 1961-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் தொழிற்சங்க காங்கிரஸ் அந்தச் சங்கத்தை வெளியேற்றியது. வேலை பார்க்கும் சாதாரண உறுப்பினர் என்ன பாவம் செய்தார், சொல்லுங்கள்.

சரி, பாதை எங்கே முடியும்? சிட்ரின் 1946-ல் தொழிற்சங்கப் பதவியை விட்டு விலகி நிலக்கரி வாரியத்துக்குப் போனார். அடுத்த வருடமே பிரிட்டிஷ் மின்சார ஆணையத்துக்குத் தலைவர். 500-க்கும் மேற்பட்ட சின்னதும் பெரிதுமான மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி ஒன்றாக்கிய அமைப்பு அது, 1957 வரை அவர் அங்கே இருந்தார். ஒரு காலத்தில் வயர் இழுத்தவர் அந்தத் துறைக்கே தலைவர்.

நிர்வாகத்தின் பக்கம் போனது துரோகம் என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, அது பொதுத்துறை, அங்கே தொழிலாளர் பயிற்சிக்கும் கூட்டு ஆலோசனைக் குழுக்களுக்கும் அவர் நிஜமாகவே உழைத்தார். ஆனால் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்திருப்பவர்களை நான் மன்னிக்க மாட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் முதலில் பொதுக்குழுவைக் கூட்டி உறுப்பினர்களிடம் நேராகச் சொல்லுங்கள், ராஜினாமா கொடுங்கள், மினிட்ஸ் புத்தகத்தையும் சந்தாக் கணக்கையும் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு, அப்புறம் போங்கள்.